ஏழாவது வளைவில் நின்ற கார்

மே 3, சனி

தாரமங்கலத்தில் நாத்தனார் பேத்தியின் கல்யாணம் முடித்துத் திரும்பும்போது, ஐந்து ரோடு சிக்னலில் என் கார் கொதித்துவிட்டது. இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி முன்பக்கம் ஆவி. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். ஆவியைப் பார்த்ததும் ஹாரனை விட்டுவிட்டுத் தன் வண்டியை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினான்.

நான் இறங்கி பானட்டைத் தூக்கி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். ரஞ்சனி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, தொடாதீங்க. ஆறட்டும். இப்போ தொறந்தா மூஞ்சி வெந்துரும்."

எட்டு மாதமாக வீட்டில் இருக்கிற மருமகள், என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. அவளுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். ராசிபுரத்தில் அவள் அப்பா டிராக்டர் ஓட்டியவராம். அப்படியே ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், ஒரு கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். ஆளுக்கு இரண்டு டம்ளர்.

தொண்ணூற்றேழாம் வருட வண்டி. என்னுடன் வேலை பார்த்தவர் ஓசூருக்கு மாறிப் போகும்போது விற்றார். ஐம்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். ஸ்கூட்டரே போதும் என்கிற ஆள்.

கல்யாண வீட்டில் எல்லாரும் ஒரே கேள்வி. மருமகள் எப்போது மஸ்கட் போகிறாள்? விசா வந்ததும் என்றேன். ரஞ்சனி பாயசத்தில் முந்திரி தேடிக்கொண்டிருந்தாள்.

மே 5, திங்கள்

சூரமங்கலம் ரோட்டில் குப்புராஜ் பட்டறைக்குக் கொண்டுபோனேன். குப்புராஜ் எந்த வண்டியையும் முதலில் தட்டிப் பார்ப்பார், பலாப்பழம் வாங்குகிற மாதிரி.

"கத்திரி வெயிலுங்கம்மா. மனுசனுக்கே கொதிக்குது. மூடி ரப்பர் செத்துப்போச்சு, அதான் தண்ணி பூரா ஆவியாப் போயிருச்சு. புது மூடி போட்டாச்சு. இனிமே நீங்க மலைக்கே போலாம்."

மத்தியானம் மகன் நவநீதன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். வழக்கமான கேள்வியைக் கேட்டான். இன்னும் இல்லை என்றேன். "எப்பதாம்மா?" என்றான். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கர் அலமாரியில் இருந்தது.

மே 7, புதன்

மார்க்கெட் போய் வந்தோம். வெப்ப முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. குப்புராஜ் வாழ்க.

மே 9, வெள்ளி

ரஞ்சனி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள், ஏற்காட்டில் ஒரு மலர்ப் பண்ணையில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம். ஆர்க்கிட் வளர்க்கிற இடம். திங்கட்கிழமை பத்தரை மணிக்கு நேர்முகத் தேர்வு.

அவள் தோட்டக்கலை படித்தவள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மொட்டை மாடியில் என் ரோஜாத் தொட்டிகள் எட்டு மாதமாகப் பூத்துத் தள்ளுவதற்கு நான் போடும் டீத்தூள்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"விசா வந்துட்டா என்ன பண்ணுவே?" என்றேன்.

"வந்தா பாத்துக்கலாம் அத்தை. அதுவரைக்கும் சும்மா எதுக்கு இருக்கணும்?"

பஸ்ஸில் போகிறேன் என்றாள். வீட்டில் கார் எதற்கு இருக்கிறது, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒரு தடவைகூட ஏறியதில்லை. சொன்ன பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

மே 12, திங்கள்

இன்றையதை விவரமாக எழுத வேண்டும்.

எட்டரைக்குக் கிளம்பினோம். ரஞ்சனி மாம்பழ நிறத்தில் காட்டன் புடவை, மடியில் சர்டிபிகேட் ஃபைல். அடிவாரம் வரை முள் சாதுவாக இருந்தது. இரண்டாவது வளைவில் அசைந்தது. நான்காவதில் பாதியைத் தாண்டியது. நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன். ரஞ்சனியும் பார்க்காத மாதிரி வெளியே பார்த்தாள். ஏழாவது வளைவில் முள் சிவப்பைத் தொட்டது. தொட்ட மறுநிமிடம் ஆவி.

ஓரம் கட்டி நிறுத்தினேன். மணி ஒன்பதே முக்கால். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கடைசியில் குப்புராஜ் மேல் என்று வைத்துக்கொண்டேன்.

நல்ல வேளையாகக் கீழே இருந்து ஒரு பஸ் முக்கிக்கொண்டு வந்தது. நான் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இங்கெல்லாம் ஸ்டாப்பிங் இல்லீங்கம்மா!"

"வேலைக்கு இன்டர்வியூ சார் பொண்ணுக்கு. பத்தரைக்கு."

"அப்பறம் என்ன நிக்கிறீங்க, ஏறும்மா, ஏறு!"

ரஞ்சனி ஓடிப்போய் ஏறினாள். பஸ் வளைவில் திரும்பும்வரை படிக்கட்டில் நின்று கையாட்டிக்கொண்டே போனாள், என்னவோ நான்தான் ஊருக்குப் போகிற மாதிரி.

மூன்றரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். குரங்குகள் வந்து பானட் மேல் உட்கார்ந்து, சூடு தாங்காமல் குதித்து ஓடின. புளிசாதத்தை நானும் சாப்பிடவில்லை, அதுகளுக்கும் காட்டவில்லை. நடுவில் ஒன்று கவனித்தேன். வண்டி நன்றாக ஆறியபின் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்து, நகராமல் சும்மா ஓடவிட்டேன். இருபது நிமிடம் ஓடியது. முள் ஏறவே இல்லை. முன்னால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றி நிற்பதும் சுற்றி நிற்பதுமாக ஒழுங்காக வேலை பார்த்தது. சும்மா நின்றால் சாது, ஓடினால் கொதிப்பு. நோயாளி டாக்டர் முன்னால் மட்டும் இருமாமல் இருப்பது போல.

ஒன்றேகால் மணிக்கு இறங்கு பஸ்ஸில் ரஞ்சனி வந்தாள். பத்து இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். காரின் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டே என்னென்ன கேட்டார்கள் என்று சொன்னாள். பூஞ்சை நோய், ஈரப்பதம், பசுமைக்குடில். குடும்பம் பற்றியும் கேட்டார்களாம்.

"என்ன சொன்னே?"

"தனியா இருக்கேன்னு சொன்னேன்."

வாய் தவறிச் சொல்லியிருப்பாள்.

மே 14, புதன்

குப்புராஜ் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். உள்ளே இருந்து சாம்பார் நிறத்தில் சேறு வந்தது. கூடவே இன்ஜினிலிருந்து தெர்மோஸ்டாட்டையும் கழற்றித் தூக்கிப் போடப் போனார்.

"நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்கம்மா? இது குளிர் ஊருக்காரனுக்கு."

ரஞ்சனி விடவில்லை. "அண்ணா, இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணிய நிறுத்தி வைக்கத்தானே அது இருக்கு? எடுத்துட்டா வேற கோளாறு வரும். பழுதுன்னா புதுசு போடுங்க."

குப்புராஜ் என்னைப் பார்த்தார். நான் மாநகராட்சிக் குழாயைப் பார்த்தேன். புதுசு போட்டார்.

மே 17, சனி

ஓமலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். எழுபதில் போனால் பத்தாவது நிமிடம் முள் ஏறுகிறது. நாற்பதுக்குக் குறைத்தால் இறங்குகிறது. மூடி புதுசு, ரேடியேட்டர் சுத்தம், தெர்மோஸ்டாட் புதுசு. பிறகும் இப்படி.

சாயங்காலம் நானும் ரஞ்சனியும் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து உட்கார்ந்தோம். முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்க்கும் மேசையில் இருந்தவள் நான். எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவில் லைன் செத்திருக்கிறது என்று நாற்காலியில் இருந்தபடியே சொல்வேன். அதற்கு ஒரே வழிதான். பழுதைத் தேடக் கூடாது. எது நன்றாக இருக்கிறதோ அதைப் பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும்.

ஃபேன் அடித்தோம். மூடி, ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் சுவிட்ச், எல்லாம் அடித்தோம். எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை, ஆகவே உள் இன்ஜினும் பிழைத்தது. வேகமாகச் சுற்றும்போது மட்டும் தண்ணீர் ஓட்டத்தைக் கெடுக்கிற ஏதோ ஒன்று மிச்சம். மிச்சத்தில் நின்றது இரண்டு பேர்தான். தண்ணீர் பம்ப், ரப்பர் குழாய்கள்.

"அத்தை, நீங்க சொல்லியிருக்கலாமே, இவ்ளோ தெரியும்னு."

"யாரு கேட்டா?"

எனக்கு அன்று பசி நன்றாக எடுத்தது.

மே 18, ஞாயிறு

நவநீதன் ரஞ்சனிக்கே கூப்பிட்டான். பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு நிமிடம் பேசினாள். வெளியே வந்து, காலையில் துவைத்து உலர்த்தின துணியை எடுத்து மறுபடி துவைத்தாள். சோப்பு வீண்.

மே 19, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது! ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும். தங்க அங்கேயே பெண்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருக்கிறதாம்.

குவார்ட்டர்ஸ் எதற்கு, தினம் போய்வரலாமே என்றேன். அதிகாலை ஐந்து மணிக்குச் செடிக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் இருக்க வேண்டுமாம். ஐந்து மணிக்குத் தண்ணீர் கேட்கிற செடி என்ன செடி? விசா வந்தால் எப்படி வேலையை விடுவாய் என்று மறுபடி கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இனிப்புக்குக் கேசரி செய்தேன். சர்க்கரை கூடிவிட்டது.

மே 21, புதன்

கண்டுபிடித்துவிட்டோம்.

காலை ஏழு மணி. போர்ட்டிகோவில் வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டோம். நான் டிரைவர் சீட்டில். ரஞ்சனி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு டார்ச்சுடன் பானட்டுக்கு அடியில் குனிந்திருந்தாள்.

"மிதிங்க அத்தை... இன்னும்... இன்னும் நல்லா... அய்யோ, விடுங்க விடுங்க!"

விட்டேன். தீப்பிடித்துவிட்டதோ என்று கதவைத் திறந்து பாய்ந்தேன்.

"ஒன்னுமில்ல, மறுபடி மிதிங்க!"

மூன்று தடவை மிதித்தேன். பிறகு அவள் சீட்டில் உட்கார, நான் டார்ச்சைப் பிடித்தேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகிற தடித்த ரப்பர் குழாய். வண்டி சும்மா ஓடும்போது கொழுகொழு என்று இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும், இளநீர் தீர்ந்த பிறகும் உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அப்படி நடுவில் ஒட்டிக்கொள்கிறது. பம்ப் இழுக்கிற இழுப்பில் குழாயே மூடிக்கொண்டு, தண்ணீருக்கு வழியில்லை. காலை எடுத்தால் பழையபடி. பட்டறையில் வண்டி நின்றபடி இருக்கும்போது யார் பார்த்தாலும் குறை தெரியாது.

குப்புராஜுக்குப் போன் போட்டேன். மொபெட்டில் வந்து பார்த்து, குழாயைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளே இருந்து துரு பொடிப்பொடியாகக் கொட்டியது.

"உள்ள ஸ்ப்ரிங் இருக்கோணும்மா, குழாய் ஒட்டிக்காம பிடிச்சு நிறுத்த. இத்துப் போயிருச்சு. நான் கவனிக்கல, என் தப்புதான்." பிறகு ரஞ்சனியைப் பார்த்து, "பட்டறைக்கு வேலைக்கு வர்றியாம்மா?" என்றார். ஸ்ப்ரிங் வைத்த புதுக் குழாய் வாங்கி வர டவுனுக்குக் கிளம்பினார்.

நாங்கள் இருவரும் போர்ட்டிகோப் படியில் கறுத்த கையோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். எதற்கென்று சொல்ல முடியாது, "விடுங்க விடுங்க" என்று அவள் கத்தியதை நான் செய்து காட்டினேன், அவள் நான் பாய்ந்து இறங்கியதைச் செய்து காட்டினாள். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்:

"அத்தை, எனக்கு விசா வராது."

"தெரியும்" என்றேன். வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். "எப்பலர்ந்து தெரியும்?"

"பிப்ரவரி."

இனி மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? பிப்ரவரியில் நவநீதன் என்னிடம் சொன்னான். அங்கே அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. எனக்குப் பயந்து இந்தக் கல்யாணத்துக்குத் தலையாட்டினானாம். நீயே மெதுவாக ரஞ்சனியிடம் சொல்லி ராசிபுரத்துக்கு அனுப்பிவிடு என்றான். ஒவ்வொரு வாரமும் அவன் கேட்பது அதைத்தான். ஒவ்வொரு வாரமும் நான் சொல்லும் "இன்னும் இல்லை"யும் அதற்குத்தான்.

ரஞ்சனிக்கும் பிப்ரவரியிலேயே தெரியுமாம். அவன் போனில் ஒரு பெண் குரல் கேட்டு, துருவிக் கேட்டு, ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறாள். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை, எனக்குத் தெரியும் என்பதை அவளிடமும் சொல்லவில்லை; அவளை அனுப்புகிற வேலைக்கு மட்டும் நான் வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தால் நான் உடைந்துபோவேன் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. என் முன்னால் அவனோடு போனில் பேசுவது போல் இரண்டு தடவை வெறும் போனில் பேசியிருக்கிறாள்.

"ஏன் அத்தை சொல்லல?"

"சொன்னா நீ போயிருவே."

அது அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். முட்டாள் நான். அவள் எழுந்துகொண்டாள்.

"கல்யாண வீட்ல அத்தன பேரு விசா விசான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டே, என்னப் பக்கத்துல வெச்சுக்கிட்டே, வந்ததும் போயிருவான்னு சொன்னீங்களே அத்தை. நான் ஏமாந்துக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சும் சொன்னீங்க."

உள்ளே போய்விட்டாள். குப்புராஜ் வந்து குழாயை மாட்டிவிட்டுப் போனார். ஓட்டிப் பார்க்க யாரும் போகவில்லை.

மே 22, வியாழன்

ரஞ்சனி பேசவில்லை. தோசை இரண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

மே 23, வெள்ளி

பேசவில்லை. ராசிபுரத்தில் அவள் அப்பா, அவளுடைய அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார். அங்கே போனால் இவளுக்குப் பாய் போட இடமில்லை. அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த வீட்டில் எனக்குக் காபி கலக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது.

மே 25, ஞாயிறு

நவநீதனை நானே கூப்பிட்டேன். ரஞ்சனி கூடத்தில்தான் இருந்தாள். ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனால் குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"இந்தப் பாரு நவநீதா, நீ சொல்லச் சொன்னத நான் சொல்ல மாட்டேன். அது என் வேலையில்ல. நீ அவளுக்கு நேரா சொல்லு. மன்னிப்புக் கேளு. வக்கீல் வெச்சு முறையா முடி. அவ கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லு."

"அம்மா, ஊர்ல என்ன சொல்லுவாங்க..."

"ஊருக்கு நான் சொல்லிக்கிறேன். விசா வரும்னு சொன்ன வாய்தானே இது."

அவன் அழுதான். சின்ன வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு அழுவான், அதே அழுகை. எனக்கு இளகத்தான் செய்தது. ஆனாலும், "கண்ணைத் தொடச்சிக்கிட்டு அவளுக்குப் போடு" என்று சொல்லி வைத்தேன்.

பத்து நிமிடம் கழித்து ரஞ்சனியின் போன் அடித்தது. நான் மாடிக்குப் போய்விட்டேன். ரோஜாத் தொட்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினேன். கடைசித் தொட்டி வழிந்து கீழ்வீட்டுப் பால்கனியில் கொட்டி, அவர்கள் சத்தம் போட்டார்கள். நாற்பது நிமிடம் பேசினாள்.

மே 26, திங்கள்

காலையில் காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு ரஞ்சனி கேட்டாள்: "புதுக் குழாய் போட்டு ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்பறம் எப்படி மலை ஏறுவீங்க?"

ரேடியேட்டரில் கூலண்ட் தண்ணீர் அளவு பார்த்துவிட்டுக் கிளம்பினோம். ஓமலூர் வரை எழுபது. முள் பாதிக்கு ஒரு நூல் கீழே, ஆணி அடித்த மாதிரி. வரும்போது ஒரு இடத்தில் அவள், "எனக்கு இன்னும் கோவம் போகல அத்தை" என்றாள். "இருக்கட்டும்" என்றேன். சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் நுங்கு வாங்கினோம்.

மே 29, வியாழன்

சாமான் வாங்கினோம். ஸ்வெட்டர், பக்கெட், சின்ன குக்கர், மழைக்கோட்டு. ஸ்வெட்டர் நிறத்தில் கருத்து வேறுபாடு. அவள் வென்றாள்.

ஜூன் 1, ஞாயிறு

ஏறினோம். இருபது வளைவும்.

முதல் ஆறு வளைவு வரை நான் ரோட்டைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன். "நான் முள்ளைப் பாத்துக்கிறேன், நீங்க ரோட்டைப் பாருங்க" என்று ரஞ்சனி வேலையைப் பிரித்தாள். இரண்டாவது கியர், திரும்பும் இடத்தில் முதல் கியர். பத்தாவது வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்தேன். என்னையே நான் தட்டிக்கொடுக்கலாம் என்றிருந்தது, கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருந்தது. மேலே போனதும் ஜன்னல் வழியாகக் குளிர் அடித்தது. முள் அசையவில்லை.

பண்ணை அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் சேர்க்கைப் படிவம் கொடுத்தார். ரஞ்சனி நின்றபடியே நிரப்பினாள். அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் 'தனபாக்கியம்' என்று என் பெயரை எழுதினாள், என் நம்பரை மனப்பாடமாகவே. உறவுமுறை என்ற கட்டத்தில் பேனா நின்றது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அவள் 'அத்தை' என்று எழுதினாள்.

அந்த அம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அத்தைன்னா? அப்பாவோட கூடப் பொறந்தவங்களா, இல்ல மாமியாரா? மேல கல்யாண விவரத்துல எதுவும் எழுதலையே" என்று கேட்டார்.

"அத்தைதாங்க" என்றாள் ரஞ்சனி.

அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

அறை சின்னது, ஜன்னல் பெரியது. பாத்திரங்களை அடுக்கி, கொடி கட்டி, அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினோம். கிளம்பும்போது ரஞ்சனி கேட் வரை வந்தாள். "இறங்கும்போது பிரேக்கையே மிதிச்சிட்டு இருக்காதீங்க, கியர்லயே விடுங்க. வீட்டுக்குப் போனதும் போன் பண்ணுங்க" என்றாள். அப்புறம், அடுத்த ஞாயிறு அவளுக்கு விடுமுறை, அவளே கீழே வருவதாகச் சொன்னாள்.

தனியாக இறங்கினேன். இரண்டாவது கியரிலேயே விட்டேன். வழியில் ஒரே ஒரு இடத்தில் ஓரம் கட்டி நிறுத்தினேன். வண்டிக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் ஆறக் கொஞ்ச நேரம் ஆனது.